பார்வை தெளிந்த பிறகும் வாருங்கள்: வாசகர் கேள்வி, விழித்திரை மருத்துவர் பதில்

சென்ற இதழில் சர்க்கரை நோயால் விழித்திரையில் வரும் வீக்கத்தைப் பற்றி எழுதியிருந்தேன். ஸ்டீராய்டு ஊசி பற்றி அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. வந்து குவிந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றியே கேட்கின்றன. அவ்வளவு பயமும் அவ்வளவு குழப்பமும் இருக்கும்போது ஒரு வரியோடு நான் கடந்து போனது தவறு. இந்த இதழ் முழுவதும் அந்த ஊசிக்கே.

*என் அப்பாவுக்கு 67 வயது. இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். இரண்டு கண்களிலும் புரை நீக்கி லென்ஸ் வைத்தாயிற்று. வலக்கண் விழித்திரையில் நீர் கோத்திருப்பதாகச் சொல்லி எட்டு மாதங்களில் ஆறு ஊசிகள் போட்டார்கள். பார்வை 6/36-ஐத் தாண்டவில்லை (குறையில்லாத பார்வை என்றால் 6/6). இப்போது ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்கிறார் மருத்துவர். "இனி வழியில்லை என்று கைவிட்டுவிட்டார்கள் போலிருக்கிறது" என்று அப்பா சோர்ந்து உட்கார்ந்திருக்கிறார். உண்மை அதுதானா?*

இல்லை அம்மா. மருந்தை மாற்றுகிறார்கள், அவரை விட்டுவிடவில்லை என்று அப்பாவிடம் முதலில் சொல்லுங்கள்.

சுவரில் ஓதம் ஏறினால் வெள்ளைப்பூச்சு உப்பிக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். விழித்திரையின் நடுவில் மாக்குலா என்ற சிறிய பகுதி இருக்கிறது. எழுத்தைப் படிப்பதும் முகத்தை அடையாளம் காண்பதும் ஊசியில் நூல் கோப்பதும் அந்த இடத்தை நம்பித்தான். பல ஆண்டுச் சர்க்கரை அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரை நைந்துபோக வைக்கிறது. நீரும் கொழுப்பும் கசிந்து மாக்குலா ஊறி உப்பிவிடுகிறது. ஓ.சி.டி. ஸ்கேன் படத்தில் பார்த்தால், நடுவில் பள்ளமாக இருக்க வேண்டிய இடம் மேடாகி, உள்ளே கருப்பு கருப்பாக நீர்ப்பைகள் தெரியும். அடுத்த முறை அந்தப் படத்தை உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். ஒரு முறை பார்த்துவிட்டால் மருத்துவர் எதைத் துரத்துகிறார் என்பது உங்களுக்கே விளங்கும்.

கசிவுக்குக் காரணம் ஒன்றல்ல. பிராணவாயு போதாமல் தவிக்கும் விழித்திரை, வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரக்கிறது. அது குழாய்களை மேலும் கசிய வைக்கும். அப்பாவுக்கு இதுவரை போட்ட ஆறும் இந்தப் புரதத்தைத் தடுக்கும் ஊசிகளாகவே இருந்திருக்க வேண்டும். ரானிபிசுமாப், அஃப்லிபர்செப்ட், பெவாசிசுமாப் போன்ற பெயர்களில் ஒன்றை நீங்கள் சீட்டில் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலான கண்களுக்கு முதல் மருந்து இவைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நோய் பழையதாக ஆக, அழற்சி என்ற இன்னொரு காரணமும் வலுப்பெறுகிறது. அந்த ஒரு புரதத்தை மட்டும் அடக்கினால் அப்படிப்பட்ட கண்ணில் நீர் முழுவதும் வடிவதில்லை. ஸ்டீராய்டு, அழற்சியைக் கிளப்பும் பல புரதங்களை ஒருசேரத் தணிக்கிறது, வி.இ.ஜி.எஃப். சுரப்பையும் குறைக்கிறது.

எதிர்பார்ப்பை மட்டும் அளவாக வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான ஊசிக்கு வீக்கம் சரியாக வடியாத கண்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2018-இல் வெளியானது. வீக்கம் நன்றாகக் குறைந்தது. ஆனால் ஆறு மாத முடிவில், சராசரியாகப் பார்த்தால், வழக்கமான ஊசியை மட்டும் தொடர்ந்தவர்களைவிடப் பார்வை கூடிவிடவில்லை. நீர் நீண்ட நாள் தேங்கி நின்ற இடத்தில் பார்வைச் செல்கள் சில முன்பே அழிந்திருக்கும். நீர் வடிந்தாலும் அவை திரும்புவதில்லை. அதனால்தான் "ஸ்கேன் நன்றாக இருக்கிறது, எழுத்து மட்டும் தெளியவில்லை" என்று சிலர் சொல்லக் கேட்கிறோம்.

அப்பாவுக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. ஸ்டீராய்டு ஊசியின் பெரிய பக்கவிளைவுகள் இரண்டு: கண் அழுத்தம் ஏறுவது ஒன்று, கண்புரை மற்றொன்று. புரைதான் எடுத்தாயிற்றே, அந்தக் கவலை அவருக்கு இல்லை. ஊசிக்கு முன் இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள். கண் அழுத்தம் எவ்வளவு, கிளாக்கோமா (பெரும்பாலும் கண் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பு கெடும் நோய்) இருக்கிறதா என்பது ஒன்று. புரை அறுவையின்போது லென்ஸைத் தாங்கும் பின்பக்கப் பை கிழிந்ததா என்பது மற்றது. ஸ்டீராய்டைச் சிறு மருந்துக்குச்சியாகவும் ஊசி வழியே கண்ணுக்குள் வைப்பதுண்டு. பை கிழிந்திருந்தால், அந்தக் குச்சி முன்பக்கம் நழுவி வந்து கருவிழியைக் கெடுத்துவிடும். அப்படிப்பட்ட கண்ணில் அதை வைக்கக்கூடாது.

இரத்த அழுத்தம், சிறுநீரகம், ஹீமோகுளோபின் மூன்றையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரைக்குப் பியோகிளிட்டசோன் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் கண் மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். உடலில் நீரைத் தேக்கும் குணம் அந்த மருந்துக்கு உண்டு, சிலருக்கு விழித்திரை வீக்கத்தையும் அது கூட்டுகிறது. மேலே ஓட்டை இருக்கும்போது கீழே துடைத்துக்கொண்டே இருந்து என்ன பயன்?

*எனக்கு வயது 58. அடுத்த வாரம் முதல் ஊசி. கண்ணுக்கு நேராக ஊசி வருவதை நினைத்தாலே தூக்கம் போய்விடுகிறது. என்ன செய்வார்கள் என்று அப்படியே சொல்லிவிடுங்கள்.*

சொல்லிவிடுகிறேன் ஐயா. ஊசி நேராக வராது. நீங்கள் அதைப் பார்க்கப் போவதே இல்லை.

மரத்துப்போவதற்கான சொட்டு மருந்தைச் சில முறை விடுவார்கள். பிறகு பொவிடோன் அயோடின் கரைசலால் இமையையும் கண்ணையும் கழுவுவார்கள். எரிச்சல் தருவது இதுதான். மாலைவரை கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தினால் பெரும்பாலும் அதற்குக் காரணம் ஊசி அல்ல, இந்தக் கழுவல்தான். தொற்று வராமல் காப்பதும் இதுவே என்பதால் பொறுத்துக்கொள்ளுங்கள். முகத்தில் துணி மூடி, இமைகளைப் பிரித்து வைக்க ஒரு சிறு கம்பியைப் பொருத்துவார்கள். நீங்கள் இமைத்துவிடுவீர்களோ என்று பயப்படத் தேவையில்லை, இமைக்க முடியாது.

பிறகு வேறு பக்கம் பார்க்கச் சொல்வார்கள். கருவிழியின் ஓரத்திலிருந்து மூன்றரை முதல் நான்கு மில்லிமீட்டர் தள்ளி, வெண்விழியில் அளந்து குறித்த இடத்தில் ஊசி இறங்கும். அங்கே விழித்திரையும் இல்லை, லென்ஸும் இல்லை. ஓர் அழுத்தம் தெரியும். மருந்துக்குச்சி என்றால் அதைச் செலுத்தும் கருவி "டக்" என்று ஒலிக்கும். அந்தச் சத்தத்தில் திடுக்கிட்டுத் தலையை அசைத்துவிடுகிறவர்கள் உண்டு. அதனால் என் நோயாளிகளுக்கு அந்தச் சத்தத்தை முன்னாலேயே ஒரு முறை கேட்கவைத்துவிடுவேன். ஊசி உள்ளே இருக்கும் நேரம் சில விநாடிகள்தான்.

டெக்ஸாமெத்தசோன் குச்சியின் நீளம் சுமார் 6 மில்லிமீட்டர், தடிமன் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அதில் 0.7 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. சில மாதங்களில் கரைந்து மறைந்துவிடும். டிரையாம்சினோலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டு என்றால் குச்சி இல்லை, பால்போல் வெளுத்த திரவம். உங்களுக்கு எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஊசிக்குப் பின் வெண்விழியில் இரத்தச் சிவப்பாக ஒரு திட்டு தோன்றலாம். பார்க்கத்தான் பயமாக இருக்கும், ஒன்றிரண்டு வாரத்தில் தானே மறையும். இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளை இதற்காக நிறுத்துவது வழக்கமில்லை. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

என் அறையில் செவிலியர் ஒருவர் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டே நிற்பார். எந்தச் செய்முறைக் கையேட்டிலும் அது எழுதப்படவில்லை. முகத்தில் துணி மூடியிருக்கும்போது ஒரு மனிதக் கை தரும் தைரியத்தை எந்த மருந்தும் தருவதில்லை என்பதைப் பல முறை கண்ணெதிரே பார்த்திருக்கிறேன். கையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும் என்று நீங்களும் தயங்காமல் கேளுங்கள்.

*இரண்டு மாதங்களுக்கு முன் எனக்கு ஸ்டீராய்டு குச்சி வைத்தார்கள். இப்போது செய்தித்தாளைக் கண்ணாடி போட்டு நானே படிக்கிறேன். வலி இல்லை, சிவப்பு இல்லை. ஆனாலும் பரிசோதனைக்கு வாருங்கள் என்று மருத்துவமனையிலிருந்து அழைத்துக்கொண்டே இருக்கிறார்கள். எல்லாம் சரியாக இருக்கும்போது எதற்குப் போக வேண்டும்?*

சகோதரி, இந்த இதழில் ஒரே ஒரு கடிதத்துக்குத்தான் இடம் என்று ஆசிரியர் சொல்லியிருந்தால் உங்களுடையதைத்தான் எடுத்திருப்பேன். இதைப் படித்து முடித்ததும் மருத்துவமனையைக் கூப்பிட்டு நாள் குறித்துக்கொள்ளுங்கள். இதை எவ்வளவு வலியுறுத்திச் சொல்ல முடியுமோ அவ்வளவு வலியுறுத்திச் சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒருவர் என்னிடம் வந்தார். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலையில் முப்பது ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர். "வரியின் நடுவில் எழுத்தை யாரோ ஈரக் கையால் தேய்த்துவிட்டதுபோல் இருக்கிறது" என்றார். விழித்திரை வீக்கத்துக்கு அதைவிடத் துல்லியமான விவரிப்பை நான் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை. பார்வை 6/60. வழக்கமான ஊசிகள் அவருக்குப் போதவில்லை. புரை ஏற்கெனவே எடுத்திருந்தது. டெக்ஸாமெத்தசோன் குச்சி வைத்தேன். இரண்டு வாரம் கழித்து வந்தார், கண் அழுத்தம் 16, எந்தக் குறையும் இல்லை. பார்வை ஏறிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை.

மூன்றாவது மாதத்தில் ஒரு நாள், தம் மனைவிக்குக் கண்ணாடி பார்க்க அழைத்து வந்தவராக வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையில் புத்தகம், கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, விரலை வரியில் ஓட்டிப் படித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. உள்ளே அழைத்துப் பார்வையைப் பார்த்தேன், 6/12. அப்படியே கண் அழுத்தத்தையும் அளந்தேன். 38.

பொதுவாக 10 முதல் 21 வரை இருக்க வேண்டிய அளவு அது. வலி இல்லை, சிவப்பு இல்லை, மங்கலும் இல்லை. பார்வை நரம்பின் ஓரம் அதற்குள் வெளுக்கத் தொடங்கியிருந்தது. பார்வைப்புலப் பரிசோதனையில் மேல்பக்கம் பிறை வடிவில் ஒரு கருமை விழுந்திருந்தது. சொட்டு மருந்து தொடங்கி, சில வாரங்களில் அழுத்தத்தை 17-க்குக் கொண்டுவந்துவிட்டோம். அந்தப் பிறை மட்டும் போகவில்லை, போகவும் போகாது. "எழுத்துதான் தெரிகிறதே, பிறகு எதற்கு உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று இருந்துவிட்டேன்" என்றார்.

தவறு என்னுடையதும்தான். "ஆறு வாரத்தில் வாருங்கள்" என்று சொல்லியிருந்தேனே தவிர, ஏன் வர வேண்டும் என்று அவர் மனதில் பதியும்படி உட்கார்ந்து சொல்லவில்லை. அன்றிலிருந்து காரணத்தையும் தேதியையும் ஒரே தாளில் எழுதி, நோயாளி கையில் ஒன்றும் உடன் வந்தவர் கையில் ஒன்றும் கொடுத்துவிடுகிறேன்.

காரணம் இதுதான். நம் கண்ணுக்குள் ஒரு நீர் சுரந்துகொண்டும் வடிந்துகொண்டும் இருக்கிறது. சிலருடைய கண்ணில் ஸ்டீராய்டு அந்த வடிகாலை இறுகச் செய்கிறது. யாருக்கு இறுகும் என்று முன்கூட்டி உறுதியாகச் சொல்ல வழியில்லை. கிளாக்கோமா உள்ளவர்களுக்கும், குடும்பத்தில் அது உள்ளவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல். டெக்ஸாமெத்தசோன் குச்சியை மூன்று ஆண்டுகள் சோதித்துப் பார்த்த பெரிய ஆய்வில், பத்துப் பேரில் நான்கு பேருக்கு அழுத்தம் குறைக்கும் மருந்து தேவைப்பட்டது. அந்த எண்ணிக்கை உங்களைக் கலங்கவைக்கலாம். அதே ஆய்வில், அழுத்தத்துக்காக அறுவை சிகிச்சைவரை போனவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. நேரத்தோடு கண்டுபிடித்தால் பெரும்பாலும் சொட்டு மருந்தோடு முடிந்துவிடும் சிக்கல் இது. கண்டுபிடிக்கத்தான் நீங்கள் வர வேண்டும்.

இந்தக் குச்சியால் ஏறும் அழுத்தம் பெரும்பாலும் இரண்டாவது மாதத்தை ஒட்டித்தான் உச்சத்துக்குப் போகிறது. பார்வை மிக நன்றாக இருப்பதும் ஏறக்குறைய அதே நாட்களில்தான். நீங்கள் இப்போது நிற்பது சரியாக அந்த இடத்தில். இரண்டாவது வாரத்தில் சரியாக இருந்ததே என்று நம்பி இருந்துவிடாதீர்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் ஒரு முறை கட்டாயம், பிறகு மூன்றாவது, நான்காவது மாதங்களில் உங்கள் மருத்துவர் சொல்லும் நாளில். அளக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

*கண்ணில் ஸ்டீராய்டு போட்டால் இரத்தச் சர்க்கரை ஏறிவிடாதா? மூச்சிரைப்புக்கு ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டபோது எனக்கு 400-ஐத் தாண்டியது.*

உங்கள் பயம் நியாயமானது, மாத்திரை அப்படித்தான் செய்யும். கண் ஊசியின் கணக்கு வேறு. குச்சியில் இருக்கும் 0.7 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் முழுவதும் சேர்ந்தே 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை ஒன்றின் வலுவை எட்டாது. மூச்சிரைப்புக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம்வரை கொடுப்பதுண்டு. குச்சியோ தன்னிடம் இருப்பதைச் சில மாதங்களில் சிறுகச் சிறுக, அதுவும் கண்ணுக்குள்ளேயே விடுகிறது. இரத்தத்தில் கலப்பது மிகமிகச் சொற்பம். சர்க்கரை அதனால் எகிறாது. இதற்காக இன்சுலின் அளவை நீங்களாகக் கூட்டிவிடாதீர்கள்.

*எனக்கு 44 வயது. புரை எதுவும் இல்லை. மாரடைப்பு வந்து ஆறு வாரங்கள் ஆகின்றன. விழித்திரை வீக்கத்துக்கு ஸ்டீராய்டுதான் இப்போதைக்கு நல்லது என்கிறார்கள். புரை வந்துவிடும் என்றும் அவர்களே சொல்கிறார்கள். நான் எதை நம்புவது?*

தம்பி, இரண்டும் உண்மை. மேலே சொன்ன மூன்றாண்டு டெக்ஸாமெத்தசோன் ஆய்வில், சொந்த லென்ஸ் இருந்த கண்களில் ஏறக்குறைய 68 விழுக்காட்டில் புரை தோன்றியது. மருந்தில்லாத போலி ஊசி பெற்றவர்களில் அது 20 விழுக்காடு. எனவே திரும்பத் திரும்ப ஸ்டீராய்டு போட்டால் புரை வரும் என்றே வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். ஓர் ஊசியோடு நிற்கும் கண்ணில் வாய்ப்பு அவ்வளவு இல்லை. புரையை எடுத்துவிடலாம், பார்வை மீளும். ஆனால் உங்கள் வயதில் சொந்த லென்ஸை இழப்பது சிறிய விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். கிட்டப் பார்ப்பதற்குத் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் மிச்சசொச்சத் திறனும் அதோடு போய்விடும்.

அப்படியிருந்தும் உங்கள் மருத்துவர் ஏன் அதைச் சொல்கிறார்? வி.இ.ஜி.எஃப். தடுப்பு மருந்தில் ஒரு சிறு பங்கு இரத்தத்திலும் கலக்கிறது. மாரடைப்போ பக்கவாதமோ வந்த முதல் சில மாதங்களில் அதைத் தள்ளிப்போடவே எங்களில் பலர் விரும்புகிறோம். உங்கள் இதயம் நிலைப்படும்வரை ஸ்டீராய்டு ஓர் இடைக்காலப் பாலம், பின்னர் மற்ற ஊசிக்கு மாறிக்கொள்ளலாம். திட்டம் அதுதானா என்று நேரடியாகக் கேளுங்கள். ஆம் என்றால், உங்கள் இடத்தில் என் தம்பி இருந்தாலும் நான் போட்டுக்கொள்ளத்தான் சொல்வேன்.

*மூன்று ஆண்டுகள் வேலை செய்யும் ஸ்டீராய்டு குச்சி ஒன்று இருக்கிறதாமே? அடிக்கடி ஊசி போடுவதற்குப் பதில் அதையே வைத்துவிடலாமே?*

இருக்கிறது. ஃபுளூவோசினோலோன் என்ற மருந்து, 0.19 மில்லிகிராம். சில கண்களுக்கு அது உண்மையிலேயே பெரிய விடுதலை. ஆனால் முதல் ஸ்டீராய்டாக அதை வைக்க நான் உடன்பட மாட்டேன். டெக்ஸாமெத்தசோன் குச்சி கரைந்துவிடும், அழுத்தம் ஏறினாலும் மருந்து தீரத் தீரத் தணியும். இது மூன்று ஆண்டுகள்வரை மருந்தை விட்டுக்கொண்டே இருக்கும். அதன் கூடு கரையாமல் கண்ணிலேயே தங்கிவிடும். இதைச் சோதித்த மூன்றாண்டு ஆய்வில் நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து பேருக்கு அழுத்தத்துக்காக அறுவை சிகிச்சையே தேவைப்பட்டது. 2014-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் தந்தபோதே, முன்பு ஸ்டீராய்டு கொடுத்து அழுத்தம் பெரிதாக ஏறாதவர்களுக்கு மட்டும் என்று வரையறுத்துத்தான் தந்தது. முதலில் குறுகிய காலக் குச்சி, அதைக் கண் ஏற்றுக்கொள்கிறதா என்று பார்த்த பிறகே நீண்டது.

*நேற்று குச்சி வைத்தார்கள். கண்ணை அசைக்கும்போது கீழே நூல்போல் ஒன்று மிதக்கிறது. விழித்திரை கழன்றுவிட்டதா?*

அந்த ஒற்றை நூல் பெரும்பாலும் குச்சியின் நிழல்தான். டிரையாம்சினோலோன் போட்டவர்களுக்கு வெண்துகள்கள் பனிபோல் மிதப்பதும் இப்படித்தான். நாளாக ஆக அடங்கிவிடும்.

காத்திருக்கக்கூடாத அறிகுறிகளையும் சொல்லிவிடுகிறேன். வலி குறைவதற்குப் பதில் கூடிக்கொண்டே போவது, கண் மேலும் மேலும் சிவப்பது, வெளிச்சம் பார்த்தால் கூசுவது, பார்வை மணிக்கு மணி மங்குவது: இவை கண்ணுக்குள் கிருமித்தொற்றாக இருக்கலாம். சில ஆயிரம் ஊசிகளில் ஒன்றுக்குத்தான் வரும், ஆனால் வந்தால் மணிக்கணக்கில் பார்வையைத் தின்றுவிடும். மின்னல் வெட்டுவதுபோல் ஒளி, கரும்புள்ளிகளின் கூட்டம், ஓரத்திலிருந்து திரை இறங்குவது: இவை விழித்திரை கிழிந்ததற்கோ கழல்வதற்கோ அறிகுறி. இவற்றில் எது தோன்றினாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள், நள்ளிரவானாலும் கூப்பிடுங்கள். ஊசி போட்ட அன்று தந்த சீட்டில் அவசர எண் இருக்கும். அதை உங்கள் கைப்பேசியிலும் வீட்டில் இன்னொருவர் கைப்பேசியிலும் இப்போதே பதிந்துவைத்துக்கொள்ளுங்கள்.